வேலியை விட்டுவிட்டு வளவை அளக்கிறவன்

எடேய் மோனை, வெளியில மொன்றியல் பனி முழங்காலுக்கு நிக்குது. நீ மூண்டு இரவாக் கணினிக்கு முன்னால குந்தியிருந்து இரும்புத் தூளுக்குச் சாதகம் கணிக்கிறாய். கணி, ஆனா சோத்தைத் திண்டுபோட்டுக் கணி.

உன்ர இரும்பு எங்கத்தையது எண்டு தெரியுமோ? லாக் டியோவில டைட்டானியத்துக்கெண்டு இல்மனைட் கல்லை வெட்டி, சோரல்-ட்ரேசியில உருக்கினால், இரும்பு கேளாமலே வந்து நிக்கும். அதில தண்ணியைப் பீச்சித் தூளாக்குகினம். பிறகு தூளின்ர மணி ஒவ்வொண்டுக்கும் மெல்லிய பொஸ்பேற்றுப் பூச்சுப் பூசி, அச்சில போட்டு நசுக்கிக் கட்டியாக்குகினம்.

மணி ஒரு வளவு; பூச்சு அதுக்கு வேலி. சுழல் மின்னோட்டம் எண்ட கட்டாக்காலி மாடு அடுத்த வளவுக்குப் பாயாமல் இருக்கத்தான் வேலி. சரி, காந்தப்பாயமும் அதே வேலியைத்தானே தாண்டவேணும்? அது மாடில்லையடா, கலியாண வீட்டுக்குப் போற சம்பந்தி!

நீ போட்டது 1904 இல மாக்ஸ்வெல் கார்னெட் எழுதின சூத்திரம். அவர் பார்த்தது கண்ணாடிக்குள்ள அங்கொண்டும் இங்கொண்டுமாக் கிடந்த உலோக மணியை; வன்னிக் காட்டுக்க வீடு மாதிரி. உன்ர கட்டியில நூற்றுக்கு 90க்கு மேல இரும்பு. 95 எண்டு போட்டாலும் அந்தச் சூத்திரம் சொல்லுற காந்த உட்புகுதிறன் 60ஐத் தொடாது; கட்டியோ சில நூறு காட்டுது.

வா, விரல்விட்டு எண்ணுவம். மணி 100 மைக்ரோன், வேலி 0.1 மைக்ரோன், இரும்பின்ர காந்த உட்புகுதிறன் 5000 எண்டு வை. வேலி வளவில ஆயிரத்தில ஒரு பங்குதான். ஆனா அதைத் தாண்டுற களைப்பு, இரும்புக்குள்ள 500 மைக்ரோன் நடக்கிற களைப்பு. அஞ்சு வளவு! தன்ர வளவோட சேர்த்தால் ஆறு; 5000 ஆறாய் உடைஞ்சு 833 ஆகும். திறமான இரும்பு வேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறியே, 10000 உள்ளதையே வாங்கு. வாறது 909.

அதோட, நசுக்கேக்க சில இடத்தில பூச்சுக் கிழிஞ்சு மணியோட மணி முட்டும். வேலியில பொட்டு! அது எங்க, எத்தனை எண்டு உன்ர மாதிரியுரு கேட்டுதோ? ஒரு சென்ரிமீற்றருக்குள்ள நூறு வேலி. நீ வளவில தென்னை எண்ணுறாய்.

வேலியைப் பிடுங்கலாம் எண்டும் நினையாதை. நசுங்கின இரும்பின்ர நோவு தீர 500 பாகையளவில சூடு காட்டுவினம். இன்னும் கூட்டினால் இரும்புக்குச் சுகம், வேலிக்கு நெருப்பு, மாட்டுக்குக் கொண்டாட்டம்.

எங்கட அய்யா ரெண்டு கதியால் அகலத்துக்கு வேலி வழக்குப் பேசிப் பதினொரு வருசம் கோட்டுக்கு நடந்தவர். ஊரே சிரிச்சது. 0.1 மைக்ரோன் வேலிக்குக் கலாநிதிப் பட்டம் குடுக்கிற நாடு ஒண்டு இருக்கெண்டு அவருக்கு ஆர் சொன்னது? எழும்படா, சோறு ஆறுது.