10 சென்டிமீட்டர் எதிரி

ஞாயிறு விடிந்தால் போதும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் பக்கம் ஸ்போர்ட்ஸ் கார்கள் உறுமும். ஓட்டுபவர்களில் சிலர் 'காயிலோவர்' மாட்டியவர்கள். உயரத்தையும் விறைப்பையும் திருகித் திருகி மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் அது. எதற்காம்? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் வளைவெடுக்கும்போது வண்டி சாயக் கூடாதாம். நியாயம்தான், அங்கே ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர், வேகத்தடை கிடையாது. வருடத்துக்கு எத்தனை நாள் அங்கே போகிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மற்ற நாளெல்லாம் எதிரி வேகத்தடைதான். இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (கட்சி அல்ல, சாலை அமைக்கும் விதிகளை வகுக்கும் அமைப்பு) சொல்லும் வட்டமான வேகத்தடைக்கு உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர். நம்மூரில் தார் கொட்டுபவர் அந்த விதிப் புத்தகத்தைப் புரட்டியதாகத் தெரியவில்லை. காயிலோவரைத் திருகித் தாழ்த்திய கார் ஊருக்குள் திரும்பும்போது கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்குகிறது. ஓனர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மீன்கூடை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல் ஹாரன் அடித்துவிட்டு முந்திப் போகிறது.

மாட்டியே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விறைப்பை மாற்றும் டாம்பரைத் திருகுங்கள், உயரத்தில் கை வைக்காதீர்கள். முதலில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள்.