கவலையார்

சென்னையில் வேளச்சேரிக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவே, வாசலில் காவலாளியும் உள்ளே நீச்சல்குளமும் உள்ள குடியிருப்புகளில் இவரைப் பார்க்கலாம். கவலையார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். கவலைப்பட வேறொன்றும் மிச்சமில்லாததால் பூமியை எடுத்துக்கொண்டார்.

உலகம் 1.5 டிகிரிக்கு மேல் சூடாகாமல் பார்த்துக்கொள்ள முயல்வதென்று 2015இல் பாரிஸில் பேசி முடித்ததை, ஏதோ தன்னைக் கேட்டுக்கொண்டு செய்தது போலச் சொல்வார். சொல்லும்போது அறையில் ஏசி 18இல் ஓடிக்கொண்டிருக்கும். 2020 முதல் புது ஏசிகள் 24இல்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அவருக்குத் தெரியும். 24இல்தான் தொடங்குகிறது. அப்புறம் அவர் குறைத்துக்கொள்கிறார்.

காய்கறிக்கு மஞ்சப்பையோடுதான் போவார். கடை தெருமுனையில், போவது பெரிய டீசல் காரில். மின்சாரக் காரும் வைத்திருக்கிறார், ஆனால் அது இரண்டாவது கார். முதல் காரை விற்க மனசு வரவில்லை. வருஷம் தவறாமல் பேரனைப் பார்க்க அமெரிக்கா பறப்பது இந்தக் கணக்கில் சேராது, அது பாசம். பாசத்திலிருந்து கரியமில வாயு வருவதாக இதுவரை எந்த விஞ்ஞானியும் நிரூபிக்கவில்லையே!

அடுத்தவர் புகை மட்டும் அவர் மூக்குக்குத் தப்பாது. இஸ்திரி வண்டிக்காரர் கரி மூட்டினால், “இப்படித்தான் உலகம் அழியுது” என்பார், அவரிடமிருந்து மடிப்புக் கலையாத சட்டையை வாங்கிக்கொண்டே. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த நாட்களில், தெருவில் குடங்கள் வரிசையாக நின்றன. அத்தனையும் பிளாஸ்டிக் குடங்கள் என்று மனம் நொந்துபோனார். அவர் வீட்டுத் தொட்டிக்கு லாரி வந்துகொண்டிருந்தது.

வீட்டு வேலைக்கு வரும் அம்மா முன்பு கூவம் கரையில் இருந்தவர். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றோரம் ஆபத்து என்று சொல்லி, அவரைப் போன்றவர்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம்; பெருமழை என்றால் அங்கும் தண்ணீர்தான். கவலையாரின் குடியிருப்பும் ஒருகாலத்தில் தண்ணீர் நின்ற பூமியே. ஆனால் அதை ஆக்கிரமிப்பு என்று யாரும் சொல்வதில்லை. நீர்நிலையை அழித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. டைல்ஸ் பதித்து நீச்சல்குளமாக வைத்திருக்கிறார்களே.

ஒருநாள் கருத்துக்கணிப்பு எடுக்க ஒரு பெண் வந்தாள். உங்கள் பெரிய கவலை எது? கவலையார் முக்கால் மணி நேரம் பேசினார். காபி கொண்டுவந்த அம்மாவிடமும் கேட்டாள். “கேஸ் வெலதாம்மா. மழ வந்துட்டா ரெண்டு நாள் வேலைக்கு வர முடியல, சம்பளத்துல புடிச்சிடுறாங்க.” பருவநிலையில் முதலாமவருக்கு மிகுந்த அக்கறை, இரண்டாமவருக்கு அக்கறை இல்லை என்று அந்தப் பெண் குறித்துக்கொண்டாள். ஏழைகளிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று கவலையார் வருந்தினார். சம்பளத்தில் பிடித்தவரும் அவர்தான்.

நேரில் பார்க்க ஆசையா? அடுத்த கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போங்கள். 2024 அக்டோபரில் நின்றது போல, வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவந்த கார்கள் வரிசைகட்டி நிற்கும். இரண்டு காருக்கு இடம் பிடித்திருப்பவர் அவர். பேச்சு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். மழை நின்றாலும் அவர் நிறுத்த மாட்டார்.