இரண்டாஞ் சீட்டும் ஐந்தாம் பாட்டும்: மீள்கூடல் ரசிகனுக்கு ஓர் இலக்கணம்

பிரிந்துபோன தலைவன் திரும்பி வருவதற்குத் தமிழில் இலக்கணம் உண்டு. அவன் வரும்வரை தலைவி எப்படி இருக்க வேண்டும், தோழி என்ன சொல்லித் தேற்ற வேண்டும், பாகன் தேரை எவ்வளவு விரைந்து ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அகப்பொருளில் வகுத்தாயிற்று. பிரிந்துபோன ராக் இசைக்குழு திரும்பி வந்தால் ரசிகன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு நூற்பாகூடக் கிடையாது. அக்குறையை நீக்க எழுந்ததே இவ்வாய்வு.

களம், லண்டன் ஓ2 அரங்கம். காலம், 2007 டிசம்பர் 10, இரவு. மேடையில் லெட் செப்பலின். ஆய்வுப் பொருளோ மேடையில் இருப்பவர்கள் அல்லர். கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பவன்.

'நீர் அங்கே இருந்தீரோ?' என வினவுவாரும் உளர். இல்லை. உரையாசிரியர் எவரும் தாம் உரை கண்ட தலைவியை நேரில் பார்த்ததில்லை. அன்றியும், இக்குழுவின் 'காஷ்மீர்' பாடலின் வரிகள் பாடகர் ராபர்ட் பிளாண்டுக்குத் தோன்றியது மொராக்கோவின் தென்பகுதிப் பாலைவனச் சாலையில். அதுவரை அவர் காஷ்மீரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவருக்கு உள்ள உரிமை இவ்வாய்வாளருக்கும் உண்டு. பின்வரும் நூற்பாக்களை யாத்தவரும் உரை எழுதியவரும் ஒருவரே என்பதால் பாடபேதத்துக்கும் உரைவேறுபாட்டுக்கும் இடமில்லை.

பிரிந்தோர் கூடும் பெருநாள் கேட்டு
விரைந்துபேர் பதிவோன் ரசிகன், அவருள்
ஆயிரத் தொருவனே அரங்கம் புகுவோன்.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், சீட்டின் அருமை உணர்த்துதல் நுதலிற்று. டிரம்ஸ் வாசித்த ஜான் பான்ஹம் 1980 செப்டம்பர் 25 அன்று, 32 வயதில் இறந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே, இனித் தொடர்வதற்கில்லை என்று மற்ற மூவரும் அறிவித்துவிட்டனர். 27 ஆண்டுகள் கழித்து அவர்களை ஒரே மேடைக்கு இழுத்து வந்தது இன்னொரு சாவு. அவர்களை வளர்த்த அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் அஹ்மெத் எர்டெகுன் 2006 டிசம்பரில் மறைந்தார். அவர் நினைவாக, அவர் பெயரிலான கல்வி நிதிக்காக நடந்த கச்சேரி இது. அரங்கில் இருந்த இடம் ஏறத்தாழ 18,000. வந்த விண்ணப்பம் இரண்டு கோடி என்கிறது கின்னஸ் பதிவு. குலுக்கல் போட்டார்கள். நூற்பாவில் 'ஆயிரத்தொருவன்' என்றது எம்.ஜி.ஆரை அன்று, வெறும் வகுத்தல் கணக்கை.

அற்றேல், இதற்குமுன் இவர்கள் கூடவே இல்லையோ எனின், கூடினர். 1985இல் பிலடெல்பியா லைவ் எய்டில் இரண்டு டிரம்ஸ்காரர்களோடு கூடினர். ஜிம்மி பேஜின் கிட்டார் சுருதி சேரவில்லை, பிளாண்டின் தொண்டை கட்டியிருந்தது. 2004இல் லைவ் எய்ட் டிவிடி வெளியானபோது தங்கள் பகுதியைச் சேர்க்கக் குழுவே இசையவில்லை. 1988இல் நியூயார்க்கில் அட்லாண்டிக்கின் நாற்பதாம் ஆண்டு விழாவில் மறுபடி கூடினர். அதையும் யாரும் கொண்டாடுவதில்லை. இவற்றை ரசிகன் 'நடவாதவை' என்று வகைப்படுத்துவான். நடந்ததற்கு ஒளிப்பதிவே இருக்கிறதே என்று அவனிடம் வாதிடலாகாது. அவனிடமும் அந்த ஒளிப்பதிவு இருக்கிறது.

ஒருவற் கிரண்டே சீட்டென மொழியின்
இரண்டாஞ் சீட்டே இடும்பை தருமே.

குலுக்கலில் தேறியவருக்கு ஆளுக்கு இரண்டு சீட்டு, ஒன்று 125 பவுண்டு. முதற்சீட்டு யாருடையது என்பதில் ஐயமில்லை. இரண்டாவதுக்கு உரிமை கோருவோர் பலர். பள்ளி நாளில் முதல் இசைத்தட்டை இரவல் கொடுத்த நண்பன். இருபது ஆண்டுகளாக 'அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள்' என்று சொல்லி வந்த மனைவி. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து கொடுத்ததாலேயே பங்கு கேட்கும் மகன். மூவரில் மனைவிக்கே கொடுக்க வேண்டும் என்பது அறநூலார் துணிபு. நண்பனுக்கே என்பது ரசிகன் துணிபு. மகனுக்குக் கொடுத்தவனே அறிவாளி என்பது இவ்வாய்வாளரின் கருத்து. வீட்டில் சண்டையும் வராது. மகன் அரங்கில் ஏதும் தெரியாமல் விழிப்பதால் அவனுக்கு விளக்கம் சொல்லும் பேறும் தந்தைக்கு வாய்க்கும். விளக்கம் சொல்ல ஆளில்லாத ரசிகனின் நிலை இரங்கத்தக்கது.

குலுக்கலில் விழாத பெயர்களுக்கும் வழி இருந்தது. பிபிசி வானொலியின் குழந்தைகள் நல ஏலத்தில் ஒருவர் இரண்டு சீட்டுக்கு 83,000 பவுண்டு கொடுத்தார். பணம் நல்ல காரியத்துக்குப் போனதால் இலக்கணம் இதைக் குற்றமென்று சொல்லாது. கள்ளச் சந்தைக்கு மட்டும் கதவடைத்திருந்தார்கள். அடையாளச் சான்றும் பணம் கட்டிய கடன் அட்டையும் காட்டினால்தான் கையில் பட்டை கட்டினார்கள். கோயில் காப்புக் கட்டுக்குக்கூட இவ்வளவு விசாரணை கிடையாது.

இடையில் ஒரு விரல் குறுக்கிட்டது. கச்சேரிக்கு முதலில் குறித்த நாள் நவம்பர் 26. அம்மாதத் தொடக்கத்தில், பேஜின் இடக்கைச் சுண்டுவிரல் முறிந்துவிட்டது, கச்சேரி இரண்டு வாரம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தது. கடல் கடந்து வருபவர்கள் விமானச் சீட்டையும் விடுதி அறையையும் மாற்ற ஓடினார்கள். ஆயினும் இலக்கண ரசிகன் முதலில் கேட்டது 'பணம் திரும்புமா' என்றல்ல, 'எந்தக் கை' என்றுதான். இடக்கை என்றதும் உட்கார்ந்துவிட்டான். தந்திகளை அழுத்துவது அந்தக் கை. அன்று முதல் அவன் எலும்பு மருத்துவனும் ஆனான். அறுபத்து மூன்று வயதில் சுண்டுவிரல் எலும்பு கூட எத்தனை வாரம் என்று காண்போரிடமெல்லாம் கேட்டான்.

ஐந்தாம் பாட்டில் ஆர்ப்போன் ரசிகன்;
கழிவறை நோக்கிக் கடுகுவோன் அல்லன்.

இந்நூலின் உயிர்நிலை இதுவே. விளக்குகள் அணைந்து, 1973இல் புளோரிடாவின் டாம்பாவில் இக்குழு பீட்டில்ஸின் கூட்டச் சாதனையை முறியடித்த பழைய செய்திப் படம் திரையில் ஓடி முடிந்ததும், முதல் ஆல்பத்தின் முதற்பாட்டான 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' எழுந்தது. அப்போது அரங்கில் எல்லோரும் ஒரே மாதிரி கத்தினார்கள். அதை வைத்து யாரையும் பிரித்தறிய முடியாது. 'பிளாக் டாக்' எல்லோருக்கும் தெரியும். 'ஸ்டேர்வே டு ஹெவன்' ராக் இசையே பிடிக்காதவருக்கும் தெரியும். ஐந்தாவதாக வந்ததோ 'ஃபார் யுவர் லைஃப்'. 1976இல் வெளியான 'பிரெசென்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. அதுவரை எந்த மேடையிலும் அதை முழுதாக வாசித்ததில்லை. பொதுமக்கள் இதுபோன்ற பாட்டின்போதுதான் எழுந்து வெளியே போவார்கள். ரசிகனோ பக்கத்தில் நிற்பவனின் தோளைப் பிடித்து உலுக்குவான். உலுக்கப்பட்டவனும் திருப்பி உலுக்கினால் இருவரும் ஒரே சாதி என்று கொள்க.

இதிலிருந்து ஒன்று பெறப்படும்: ரசிகன் கேட்பதற்கு வருவதில்லை, சரிபார்ப்பதற்கு வருகிறான். அவன் தலைக்குள் ஒரு மூலச்சுவடி இருக்கிறது. மேடையில் எழும் ஒவ்வொரு ஒலியையும் அதோடு ஒப்புநோக்குகிறான். பல பாடல்களைச் சுருதி இறக்கியே வாசித்தார்கள். ஐம்பத்தொன்பது வயதில் பிளாண்ட் இருபது வயதுக் கட்டையில் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. இரண்டு பாட்டுக்குள் ரசிகன் இதைக் கண்டுபிடித்துவிடுவான். ஆனால் வெளியே சொல்ல மாட்டான். வேறொருவர் சொன்னால், 'இப்போதுதான் பாவம் கூடியிருக்கிறது' என்பான். நம் சபா ரசிகர்களுக்கு இந்த வாக்கியத்தை விளக்க வேண்டியதில்லை.

'டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்' வாசிக்கையில் பேஜ் வயலின் வில்லை எடுத்தாரா? எடுத்தார். சுற்றிலும் லேசர் ஒளி கோபுரமாய் எழுந்தது. 'ஸ்டேர்வே'க்கு இரட்டைக் கழுத்துக் கிட்டார் வந்ததா? வந்தது. அதைப் பாடி முடித்ததும் பிளாண்ட் மறைந்த அஹ்மெத்தைப் பெயர் சொல்லி விளித்துப் பேசினார். அவருக்கு அந்தப் பாட்டின்மேல் நெடுங்காலமாக ஓர் அலுப்பு உண்டு என்பதை அறிந்த ரசிகன், கடமை முடிந்த நிம்மதியும் அந்தக் குரலில் இருந்தது என்று குறித்துக்கொள்வான்.

கண்ணீர் எந்தப் பாட்டில் வரவேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஒருசாரார் 'ஸ்டேர்வே' என்பர். அது எளிய விடை. 'காஷ்மீர்' என்போர் சற்றே மேம்பட்டோர். இவ்வாய்வாளர் எந்தப் பாட்டையும் குறிக்க விரும்பவில்லை. டிரம்ஸைப் பார்த்த கணம் என்பதே துணிபு. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஜேசன் பான்ஹம், மறைந்தவரின் மகன். தந்தை இறந்தபோது வயது பதினான்கு, அன்றைக்கு நாற்பத்தொன்று. தந்தை கடைசிவரை எட்டாத வயதில் அமர்ந்து தந்தையின் அடியை அடித்தார். பழைய மேடை ஒலிப்பதிவுகளையெல்லாம் கேட்டுக் கேட்டு ஊறியவர். எந்தப் பாட்டை எந்தக் காலத்தில் எப்படி நீட்டினார்கள் என்பது வாசித்த பெரியவர்களைவிட அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மேலே சொன்ன இலக்கணம் அத்தனையும் பொருந்துபவர் அவரே. பதினெட்டாயிரம் பேரில் மூலச்சுவடி முழுதும் மனப்பாடமாக இருந்த ரசிகனுக்குச் சீட்டே தேவைப்படவில்லை; அவன் மூலத்துக்கே உரை வாசித்துக்கொண்டிருந்தான்.

மொத்தம் பதினாறு பாட்டு, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். 'ராக் அண்ட் ரோல்' முடிந்து விளக்கு எரிந்ததும் ரசிகன் அடுத்த கச்சேரி எப்போது என்று கேட்கத் தொடங்கினான். பிளாண்ட் மறு ஆண்டே அலிசன் கிராஸோடு பாடப் போய்விட்டார். அன்று மேடையில் இருந்த மற்ற மூவரும் வேறு பாடகர்களை வைத்துப் பயிற்சி பார்த்தார்கள், ஒன்றும் ஆகவில்லை. 2012இல் அந்த இரவு 'செலிப்ரேஷன் டே' என்று திரைப்படமாக வந்தபோது, நேரில் பார்த்தவர்களும் சீட்டு வாங்கிப் போனார்கள். ஐந்தாம் பாட்டில் தாம் கத்தியது பதிவாகியிருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டாமா?