லைப்ரரி அடைவுகளும் இட்டி அச்சுதனின் சான்றும்

இடக்கொச்சிப் பாலம் தாண்டினால் அரூர். அங்கிருந்து தெற்கே, சேர்த்தலை வட்டாரத்தில் கடக்கரப்பள்ளி. பதினேழாம் நூற்றாண்டில் அவ்வூரில் வாழ்ந்தவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். மென்பொருள் லைப்ரரிகளுக்கு அடைவு தொகுக்கிறவர்கள் அவரிடமிருந்து தொடங்க வேண்டும்.

கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுப்பித்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்’ 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 742 செடிகொடிகள், படம், உள்ளூர்ப் பெயர், மருத்துவப் பயன் எல்லாம் உண்டு. ஆனால் முதல் தொகுதியில் என்னை நிறுத்துவது வேறொன்று: செடிகளின் பெயரையும் பயனையும் சொன்னவர் தாமே என்று அச்சுதன் 1675இல் கோலெழுத்து என்ற பழைய எழுத்துமுறையில் எழுதிக் கொடுத்த சான்று அப்படியே அச்சாகியிருக்கிறது. ரங்க பட்டு, விநாயக பண்டிதர், அப்பு பட்டு என்ற வைத்தியர் மூவரும் கொங்கணியில் தந்த சான்றும் உடன் இருக்கிறது. சொன்னவர் யார், பொறுப்பு யாருடையது என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்றைய மென்பொருள் அடைவுகளில் இந்தத் தெளிவு இருக்கிறதா? பைத்தான் நிரல்மொழியின் லைப்ரரி அடைவான பைப்பிஐ 2003இல் வந்தது. அதில் வகைப்பாடு நேர்த்தியாகவே இருக்கிறது. தமிழுக்கென்று தனி வகைகூட உண்டு. ஒரு லைப்ரரியின் நிலையைக் குறிக்க ஏழு படிகள்: 1 என்றால் திட்டமிடும் நிலை, 5 என்றால் நம்பிப் பயன்படுத்தலாம், 7 என்றால் செயலற்றது. அந்த எண்ணைப் போடுகிறவர் லைப்ரரியை எழுதியவரேதான். வேலையைப் பாதியில் விட்டவர் திரும்பி வந்து 7 என்று மாற்றுவார் என எதிர்பார்க்க முடியாது. ஆகவே எண்ணைவிடக் கடைசி வெளியீட்டின் தேதியைப் பார்ப்பதே முறை.

1995இல் தோன்றிய, பெர்ல் நிரல்மொழியின் அடைவான சீபான் இதில் ஒரு படி மேல். தன்னார்வலர்கள் ஒவ்வொரு தொகுப்பையும் தங்கள் கணினியில் ஓட்டி, எந்த இயங்குதளம், பெர்ல் மொழியின் எந்தப் பதிப்பு, தேறியதா இல்லையா என்று பதிகிறார்கள். எழுதியவர் அல்லாத ஒருவர் தரும் இந்தச் சாட்சியம்தான் அடைவுக்கு உயிர். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் 2014 முதல் பெருகிய, நல்ல லைப்ரரிகளைத் தேர்ந்து தொகுக்கும் ‘ஆஸம்’ பட்டியல்களும், தொகுப்பவர் தாமே பரிந்துரைப்பதை மட்டும் சேர்க்கும் வரை பயனுள்ளவை.

தமிழுக்கு இந்தச் சாட்சியம் அவசரத் தேவை. ‘கொச்சி’ என்ற சொல்லின் நீளத்தைப் பைத்தானிடம் கேட்டால் 6 என்கிறது. யூனிகோடு குறிகளைத்தான் அது எண்ணுகிறது. நமக்கோ கொ, ச், சி என மூன்றே எழுத்து. ஓப்பன்-தமிழ் போன்ற லைப்ரரிகள் பிறந்தது இப்படிப்பட்ட தேவைக்காகத்தான். தமிழ் லைப்ரரிகளுக்கு அடைவு தொகுப்பவர்கள் ஒவ்வொன்றிலும் இந்தச் சொல்லைக் கொடுத்துப் பார்த்து, வந்த விடையையும் பதிப்பு எண்ணையும் தேதியையும் எழுதி, கீழே தம் பெயரைப் போட வேண்டும்.