எண்ணெய் விடும் நாள்

வீட்டில் யாராவது எனக்கு நன்றி சொன்னால் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். எவ்வளவு எடுத்தார்கள் என்று பார்க்க. நான் யாருக்காவது நன்றி சொன்னால் அவர்கள் கை என் நெற்றிக்கு வரும். எவ்வளவு காய்ச்சல் என்று பார்க்க.

இதில் இரண்டாவது விஷயம் போன செப்டம்பரில்தான் எனக்கே தெரிய வந்தது. எங்கள் அலுவலகத்தில் மன மகிழ்ச்சிப் பயிற்சி என்று அரை நாள் வைத்தார்கள். கோட்டு போட்ட ஒருவர் வந்து, தினமும் இரவு படுக்கப் போகுமுன் அன்று நன்றி சொல்லத் தகுந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும் என்றார். ஆளுக்கொரு நோட்டும் கொடுத்தார். அலுவலகத்தில் இலவசமாக எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடுவது என் கொள்கை.

முதல் நாள் இரவு உட்கார்ந்தேன். ஒன்று: ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. இரண்டு: சிங்காநல்லூர் சிக்னலில் பச்சை விழுந்தது. மூன்றாவதாக ஒன்றும் தோன்றவில்லை. 'மேற்படி' என்று எழுதினேன். இருபது வருட ஆபீஸ் பழக்கம். மறுநாள் மூன்றுமே மேற்படி. ஐந்தாம் நாள் நோட்டைத் திறந்தால் என் மனைவியின் கையெழுத்து: '11ஆம் தேதி பால் வரவில்லை. 12, அரை லிட்டர் கூடுதல்.' அந்த நோட்டுக்குக் கிடைத்த உருப்படியான உபயோகம் அதுதான்.

சரி, எழுத வேண்டாம், வாயால் சொல்லிவிடுவோம் என்று மறுநாள் காலை காபி டம்ளரை வாங்கும்போது, "தேங்க்ஸ்" என்றேன்.

டம்ளரைக் கொடுத்த கை அப்படியே நின்றது. "ஏனுங்க, என்னாச்சு? போனைத் தொலைச்சுட்டு வந்துட்டீங்களா?"

"இல்லையே."

"உங்க தங்கச்சிக்குப் பணம் ஏதாவது குடுத்தீங்களா?"

"காபி நல்லா இருக்குன்னு சொன்னேன்."

"இன்னும் குடிக்கவே இல்லையே!" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டு மனுசங்களுக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா சாமி, விருந்தாளியாட்ட? போயிக் குளி" என்றாள். அத்தோடு மன மகிழ்ச்சி முடிந்தது.

குளிக்கும்போதுதான் தோன்றியது. அம்மா சொன்னதற்கு வள்ளுவரே சாட்சி. பதினோராவது அதிகாரத்துக்கு 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். குறளில் நன்றி என்றால் பிறர் நமக்குச் செய்த நன்மை. அதை அறியச் சொன்னாரே தவிர, வாய்விட்டுச் சொல்லச் சொல்லவில்லை. இந்த ஒரு சந்து போதாதா? தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டு ஆண்கள் அதில் புகுந்து வெளியே வந்துகொண்டிருக்கிறோம். 'சொல்லாட்டி என்ன, மனசுக்குள்ள இருக்கு' என்கிறோம். அதே அதிகாரத்தில் தினை, பனை என்று வருவதை மட்டும் நான் தலைகீழாகப் படித்திருக்கிறேன். அடுத்தவர் செய்த தினையளவு உதவியைப் பனையாக மதிக்கச் சொல்கிறார் அவர். நான் செய்த தினையளவு வேலையைப் பனையளவாக நானே சொல்லிக்காட்டுவேன். தீபாவளிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்ததைப் பொங்கல் வரைக்கும் சொன்னவன் நான்.

மனிதர்களுக்கு வாய் திறக்காத நாங்கள் மிஷின்களுக்கு மட்டும் குறை வைப்பதில்லை. கோயம்புத்தூரில் ஆயுத பூஜை என்றால் சும்மா இல்லை. பம்ப்செட்டும் லேத்தும் பவுண்டரியும் சோறு போடும் ஊர் இது. பட்டறைக்குப் பட்டறை வாழைக்கன்று, மாவிலை, பொரி மூட்டை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். சாயங்காலம் தெருவெல்லாம் உடைந்த பூசணி. அதில் வழுக்கி விழாமல் வண்டி ஓட்டி வீடு சேர்ந்தால், அன்றைய நோட்டுக்கு முதல் வரி தயார்.

என் அப்பா 34 வருடம் லேத்தில் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் அவருக்குக் கை அரிக்கும். ஜன்னல் கொக்கியிலிருந்து சைக்கிள் செயின் வரை எண்ணெய் விட்டுவிடுவார். அதை முடித்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்துத் துடைப்பார். அந்த நேரத்தில் அவரோடு பேசக் கூடாது.

பொட்டு வைப்பது அம்மாவின் இலாகா. இந்த வருடம் அவள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முதல் பொட்டு, கொல்லையில் மழையில் நனைந்துகொண்டிருக்கும் ஆட்டுக்கல்லுக்கு. அடுத்தது அம்மிக்கு. அப்புறம்தான் கிரைண்டர், மிக்ஸி, பிரிட்ஜ், ஸ்கூட்டர், என் லேப்டாப், வைஃபை பெட்டி, அப்பாவின் பிரஷர் பார்க்கும் கருவி எல்லாம்.

"ஏம்மா, கோயம்புத்தூர்க் கிரைண்டர் புவிசார் குறியீடு வாங்கினது. அதை விட்டுட்டு, இருபது வருசமா சும்மா கெடக்கற ஆட்டுக்கல்லுக்கு முதல் மரியாதையா?"

"அது ஆட்டுன மாவுலதானே நீ இத்தத்தண்டி ஆனே" என்றாள். குறியீட்டைப் பற்றி நான் அப்புறம் பேசவில்லை.

கிரைண்டருக்கு அவள் சந்தனம் தடவும்போது ஒரு கணக்கு மனதில் ஓடியது. ஞாயிறு தவறாமல் என் மனைவி நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டு ஆட்டுகிறாள். உப்புப் போட்டுக் கையால் கலக்குகிறாள். வெயில் காலத்தில் மாவு பொங்கி வழியும் என்று பாத்திரத்துக்கு அடியில் ஒரு தாம்பாளம் வைக்கிறாள். நடு ராத்திரியில் எழுந்து ஒரு தடவை பார்க்கிறாள். காலையில் தட்டில் இட்லி இருக்கிறது. நான் தூங்கும்போதும் எனக்காக வேலை நடக்கிற ஒரே அலுவலகம் அது. இத்தனை வருடத்தில் அங்கிருந்து எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை. நான்தான் அனுப்பியிருக்கிறேன், 'சட்னியில் காரம் தூக்கல்' என்று.

பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்று தொடக் கூடாது. லேப்டாப்புக்கு லீவு, எனக்கும் லீவு. புத்தகம் பூஜையில் இருப்பதால், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு லீவிலும் பெரிய லீவு. ஸ்கூட்டருக்கு மாலை போட்டு நிறுத்தியாகிவிட்டது. கேஸ் அடுப்புக்கும் மூன்று பட்டை சந்தனம் பூசினார்கள். ஆனால் அதற்கு மட்டும் லீவு கிடையாது. கொண்டைக்கடலைச் சுண்டல், வடை, சர்க்கரைப் பொங்கல் என்று அன்றைக்குத்தான் அதற்கு ஓவர்டைம். அடுப்புக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கும்தான்.

நான் திண்ணையில் சாய்வு நாற்காலியில் பொரி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து பாத்திரம் கொஞ்சம் பலமாக வைக்கப்படும் சத்தம் வந்தது. மறுபடியும் வந்தது.

"இன்னைக்கு நல்ல நாள். எதுக்கு இந்தச் சத்தம்?" என்றேன்.

அப்பா வெர்னியர் சுற்றும் துணியை மடித்துக்கொண்டே, "பேரிங் சத்தம் போட்டா மிஷின் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லப்பா. எண்ணெய் கேக்குதுன்னு அர்த்தம்" என்றார்.

மிஷினைப் பற்றித்தான் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவரே எழுந்து உள்ளே போய், வெங்காயக் கூடையை எடுத்து வந்து, கத்தியோடு உட்கார்ந்தார். அம்மாவிடம் அவர் நன்றி என்று ஒரு தடவையாவது சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் வடைக்கு வெங்காயம் நறுக்கிக் கொடுக்காத பண்டிகையும் எனக்கு நினைவில்லை. வெர்னியர் பிடித்த கையல்லவா, ஒவ்வொரு துண்டும் ஒரே கனம்.

அந்த நேரத்தில் என் மகள் மிச்சச் சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினாள். "எது நிறைய வேலை செய்யுதோ அதுக்கெல்லாம் பொட்டு" என்று பாட்டி சொல்லியிருந்தது அவள் காதில் விழுந்திருக்கிறது. அடுப்படிக்குள் போய்த் தன் அம்மாவின் வலது கைக்கு ஒரு பொட்டு வைத்தாள். பாட்டியின் இரண்டு முழங்கால்களுக்கும் ஆளுக்கொன்று. தாத்தாவின் கண்ணாடிக்கு நடுவில் ஒன்று. பிறகு திண்ணைக்கு வந்தாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நெற்றியைக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். யோசித்தாள். சுற்றிப் பின்பக்கம் போய், சாய்வு நாற்காலிக்கு மூன்று பொட்டு வைத்தாள்.

"அதுக்கு எதுக்குடி?"

"நாள் பூராவும் உங்களத் தூக்கிட்டு இருக்குதில்லப்பா!"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று சிரிப்புச் சத்தம் கேட்டது. அம்மாவும் மனைவியும் ஒன்றாகச் சிரிப்பது எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதற்காகவே அந்த நாற்காலிக்கு இன்னொரு பொட்டு வைக்கலாம்.

மறுநாள் விஜயதசமி. காலையில் பார்த்தால் நேற்றுப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையின் முதுகில் மூன்று மஞ்சள் கறை. உழைப்புக்குக் கிடைக்காத பொட்டு சாய்ந்ததற்குக் கிடைத்திருந்தது. வழக்கமாக நான் சட்டையைக் கழற்றி எறிவேன். அது தானாக நடந்து போய், ஊறி, துவைத்து, காய்ந்து, மடிந்து அலமாரிக்கு வரும். அன்று மனசு கேட்கவில்லை. ஒரு பக்கெட் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூள் போட்டு, நானே ஊற வைத்தேன்.

காபியோடு அந்தப் பக்கம் வந்த மனைவி பக்கெட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. "தேங்க்ஸுங்க" என்றாள்.

என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சட்டை பக்கெட்டில் ஊறிக்கொண்டிருந்தது. பையிலிருந்த ஐந்நூறு ரூபாயும்.