கொடி பிடிக்கதெல்லாம் சரி, குதிரை எங்கன போகும்?

வாலே பேராண்டி, உக்காரு. எங்க இம்புட்டு வேகமா ஓடுத? போன மாசம் வரைக்கும் செஸ்ஸுன்னா கேரம் போர்டுக்குத் தம்பின்னு நெனச்சுக்கிட்டுத் திரிஞ்சவன் நீ. இன்னைக்கு என்னடான்னா, ஒன் செல்போன்ல ஒன் மூஞ்சி இருந்த எடத்துல தேசியக்கொடி பறக்குது. உலகப் பட்டத்துக்கு ஒரு மேட்ச் வருதுன்னு காதுல விழுந்தாப் போதும், ஒங்க கூட்டத்துக்கே மீசை துடிக்குதே, எதுக்குலே? பாதிப் பேருக்கு மீசையே இன்னும் மொளைக்கல.

நேத்து டீக்கடையில நானுந்தான இருந்தேன். ஒன் சேக்காளி பாவம், என்ன சொல்லிட்டான்? "எதிர்ல ஆடுதவனும் நல்லாத்தான் ஆடுதான்"னான். அம்புட்டுத்தான். கடிச்ச வடைய முழுங்க விட்டியளா அவன? துரோகிங்கிய, பாஸ்போர்ட்டக் காட்டுங்கிய, அந்த நாட்டுக்கே போயிருங்கிய. பாளையங்கோட்டையத் தாண்டாத பய, பாஸ்போர்ட்டுக்கு எங்க போவான்? நானும் அந்தப் பலகையக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நல்லாப் பாத்துட்டேன். 64 கட்டம் இருக்கு. பார்டர் எந்தக் கட்டத்துல வருதுன்னு எனக்குப் புலப்படல.

இந்தக் கோட்டித்தனம் ஒங்களோட பொறந்ததுன்னு பெருமைப்பட்டுக்கிடாதிய. 1978-ல பிலிப்பைன்ஸ் தேசத்துல பாகியோன்னு ஒரு மலையூரு. கார்ப்போவுக்கும் கோர்ச்னாய்க்கும் பட்டத்துக்கு மேட்ச். ரெண்டு பேரும் சோவியத் மண்ணுல வெளஞ்சவுகதான். ஆனா கோர்ச்னாய் 1976-லயே ஆம்ஸ்டர்டாமுக்கு ஆடப் போனவரு, இனி ஊருக்கு வரமாட்டேன்னு நின்னுக்கிட்டாரு. பெறவு சுவிட்சர்லாந்துல குடியேறுனாரு. பெஞ்சாதியும் மவனும் சோவியத்துலயே மாட்டிக்கிட்டாக. இப்ப மேசையில அவருக்கு எந்தக் கொடிய வெக்கது? சுவிட்சர்லாந்துக் கொடிய வையிங்காரு இவரு. அது எப்பிடி வெக்கலாம்னு மல்லுக்கு வாராக அந்தப் பக்கத்து ஆளுக. பெரிய மனுசங்க கூடிப் பேசி, கடைசியில மேசையில ஒருத்தனுக்கும் கொடி வேண்டாம்னு முடிச்சாக.

அதோட விட்டாகளா? ஆட்டத்துக்கு நடுவுல கார்ப்போவுக்கு ஒரு கிண்ணம் தயிரு வந்துது. பழம் போட்ட தயிரு, வேற ஒண்ணுமில்ல. அதுல சங்கேதம் இருக்குன்னு கோர்ச்னாய் ஆளுக மனு எழுதிக் குடுத்துட்டாக. இன்ன தயிரு வந்தா இன்ன மாதிரி ஆடுன்னு அர்த்தமா இருக்கலாமாம்! பெறவு தயிரு என்ன நெறத்துல வரணும், எப்ப வரணும்னு நடுவர்மாரு உக்காந்து முடிவு பண்ணுனாக. நம்ம பஞ்சாயத்துல வாய்க்கா தூர்வாரதுக்குக் கூட இம்புட்டு வெவரமாத் தீர்மானம் போட்டதில்ல.

இந்தப் பக்கம் கோர்ச்னாய் நாக்காலிய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்தாக. நாக்காலிக்கு என்னலே சீக்கு? கார்ப்போவ் கூட்டத்துல மனோதத்துவ டாக்டரு ஒருத்தரு வந்திருந்தாரு. கூட்டத்துல உக்காந்து கோர்ச்னாயையே முறைச்சுப் பாக்கதுதான் அவரு சோலி. அந்தப் பார்வை படப்படாதுன்னு கோர்ச்னாய், பாக்கவன் மூஞ்சி தெரியுத மாதிரி பளபளன்னு ஒரு கூலிங்கிளாசப் போட்டுக்கிட்டு உக்காந்தாரு. மூணு மாசம். 32 ஆட்டம். அதுல 21 டிரா. கார்ப்போவுக்கு 6, கோர்ச்னாய்க்கு 5. உசிரக் குடுத்து ஆடுன ஆட்டம்லே அது. இன்னைக்கு எவங்கிட்டயும் கேட்டுப் பாரு, தயிரத்தான் சொல்லுவான்.

அதுக்கு முன்னாடி 1972. ஐஸ்லாந்துல ஃபிஷருக்கும் ஸ்பாஸ்கிக்கும் நடந்துது. அமெரிக்காவும் ரஷ்யாவும் பல்லக் கடிச்சுக்கிட்டு நின்ன காலம். ஃபிஷர் வரமாட்டேன்னு முரண்டு பிடிச்சான். அமெரிக்க அரசாங்கத்துப் பெரிய மனுசன் கிஸ்ஸிங்கரே போன் போட்டாரு. லண்டன் பணக்காரரு ஒருத்தரு பரிசுப் பணத்த ரெண்டு மடங்காக்குனாரு. ரெண்டுல எது அவனப் பிளேன் ஏத்துச்சுன்னு நீயே ரோசிச்சுக்க. ஆறாவது ஆட்டத்த ஃபிஷர் ஜெயிச்சப்ப அரங்கமே கைதட்டுச்சு. கூடச் சேந்து தட்டுனது யாரு தெரியுமா? தோத்துப்போன ஸ்பாஸ்கி! ஒன் சேக்காளிய டீக்கடையில வெச்சு உரிச்சியளே, ஸ்பாஸ்கி கெடச்சிருந்தா என்ன பண்ணியிருப்பிய?

அந்தக் கதையோட வாலையும் கேட்டுக்க. ஸ்பாஸ்கி பிரான்சுல போயிக் குடியிருந்து, பிரான்சு அணிக்கே ஆடுனாரு. அமெரிக்கா தோள்ல தூக்கிவெச்சு ஆடுன ஃபிஷர, 1992-ல தடைய மீறி யூகோஸ்லாவியாவுல ஆடிட்டான்னு அதே அமெரிக்கா பிடிவாரண்டு போட்டுத் தேடுச்சு. கடைசியில ஐஸ்லாந்துக் குடிமகனாச் செத்தான். கொடி ஆட்டுனவனுக்கெல்லாம் கைவலிதான் மிச்சம்.

வெளிநாட்டுக் கதை போதும்ங்கியா? சரி, நம்ம ஆனந்துகிட்ட வா. மயிலாடுதுறையில பொறந்து சென்னையில வளந்து, 1988-ல இந்தியாவுக்கே முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவரு. போட்டிக்குப் போக வரத் தோதா ஸ்பெயின்ல ஒரு வீடு வெச்சிருந்தாரு. 2010-ல ஐதராபாத் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் குடுக்க நெனச்சுது. டெல்லியில ஃபைலு நின்னு போச்சு. எதுக்கு? இவரு இந்தியருதானான்னு சந்தேகமாம்! எந்நாளும் இந்தியப் பாஸ்போர்ட்டையே வெச்சிருந்த மனுசன். இருவது வருசத்துக்கு மேல நம்ம கொடிய மேசையில வெச்சு ஆடுனவரு. பெறவு அமைச்சரே வருத்தம் தெரிவிச்சாரு. நீ டீக்கடையில கேக்க கேள்வியத்தான் அவுக ஆபீஸ்ல உக்காந்து கேட்டிருக்காக, வேறென்ன?

அதே வருசந்தான் பல்கேரியாவுல, சோஃபியாவுல, டோபலோவோட உலகப் பட்டத்துக்கு மேட்ச். எதிராளி வீட்டு முத்தத்துலயே போயி ஆடணும். எரிமலை வெடிச்சுப் பிளேனெல்லாம் நின்னுபோச்சு. ஃபிராங்க்ஃபர்ட்டுல மாட்டிக்கிட்ட ஆனந்து 40 மணி நேரம் ரோட்டு வழியாவே போயி எறங்குனாரு. மூணு நாளு தள்ளி வையுங்கன்னதுக்கு ஒரு நாளுதான் குடுத்தாக. முதல் ஆட்டம் போச்சு. ஆனா 12-ஆவது ஆட்டத்துல, கடைசி ஆட்டத்துல, கறுப்புக் காய வெச்சே சோலிய முடிச்சுட்டாரு.

ஒத்தாசைக்கு யாரு யாரு இருந்தாகன்னு சொல்லுதேன், எண்ணிக்க. டென்மார்க்கு நீல்சன். உஸ்பெகிஸ்தான் காசிம்ஜானோவ். போலந்து வோய்டாஷெக். வங்காளத்துக் கங்குலி. போதாக்குறைக்கு, 2008-ல இவருகிட்டத் தோத்த கிராம்னிக்கும் கைகுடுத்தாரு, மூணு வருசம் கழிச்சு இவரத் தோக்கடிக்கப் போற கார்ல்சனும் கைகுடுத்தாரு. இந்த வெற்றிய எத்தன கூறு போடுவலே? எந்தக் கூறுக்கு எந்தக் கொடி குத்துவ?

மண்ணு மண்ணுங்கியே. 2013-ல சென்னையிலயே, சொந்த ஊருலயே, கார்ல்சனோட ஆடுனாரு. பத்தே ஆட்டத்துல முடிஞ்சு போச்சு. ஒண்ணுகூட ஜெயிக்கல. மெட்ராஸ் மண்ணு வந்து ஒரு காயையும் நகத்திக் குடுக்கல.

இப்ப குகேஷ். சிரிப்ப அடக்கிக்கிட்டுச் சொல்லுதேன். 2024-ல அவனோட உலகப் பட்டத்து மேட்ச எங்க நடத்துததுங்கதுலயே முதல் பஞ்சாயத்து. எங்களுக்குன்னு சென்னை ஒரு பக்கம் கேக்கு, எங்களுக்குன்னு டெல்லி ஒரு பக்கம் கேக்கு. ரெண்டு பேரும் ஒரே தேசம். ஒண்ணாப் பேசிட்டுக் கேக்கப்படாதா? சிங்கப்பூருக்குப் போயிட்டுது. பய டிசம்பர் 12-ஆம் தேதி ஜெயிச்சான். அவன் கண்ணத் தொடைக்கதுக்குள்ள அடுத்த பஞ்சாயத்து. ஆந்திரா முதலமைச்சரு, நம்ம தெலுங்குப் பிள்ளைன்னு வாழ்த்துனாரு. நம்ம முதலமைச்சரு, சென்னைக்குப் பெருமைன்னு வாழ்த்துனாரு. 5 கோடி ரூவாயும் அறிவிச்சாரு. வாழ்த்துனது நல்ல காரியம். தெலுங்கு பேசுத வீட்டுப் பிள்ளைங்கதும் நெசம், சென்னையில பொறந்து சென்னையில படிச்சாங்கதும் நெசம். ரெண்டு நெசத்துக்கு நடுவுல நின்னுக்கிட்டு ஒங்க கூட்டம் மாறி மாறிச் சட்டையக் கிழிச்சுதே, அதுதான் எனக்கு வெளங்கல. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு சும்மாவா சொன்னாக?

அந்த நெய்யி எங்கேருந்து வந்துதுன்னு தெரியுமா ஒனக்கு? அவுக அப்பா காது மூக்கு தொண்டை டாக்டரு. பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராப் போகணும்னு தொழிலையே நிப்பாட்டுனாரு. அம்மா சம்பளத்துல வீடு ஓடிச்சு. 2017, 2018-ல ஸ்பான்சர் கெடைக்காம, அப்பா அம்மாவோட சிநேகிதக்காரவுகதான் பணம் போட்டு ஒதவுனாகன்னு அவனே சொல்லியிருக்கான். அப்ப எங்கலே இருந்துது ஒன் கொடி? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து.

ஒத்தாசைக்கு இவனுக்கும் வெளியூரு ஆளுகதான். போலந்து கஜெவ்ஸ்கி, ஜெர்மனி கெய்மர், குண்டூரு ஹரிகிருஷ்ணா. மனசத் தெம்பா வெச்சுக்கிடத் தென்னாப்பிரிக்கா பேடி அப்டன். ஆனந்துக்கு ஒதவுன அந்த வோய்டாஷெக்கு இங்கனயும் இருந்தாரு. நீ எங்க இருந்த? கட்டில்ல.

கட்டில்ல படுத்துக்கிட்டு நீ பாத்த லெச்சணமும் எனக்குத் தெரியும். செல்போன்ல பலகைக்குப் பக்கத்துல கறுப்பும் வெள்ளையுமா ஒரு கோடு ஏறி எறங்குது பாத்தியா, நீ பாத்தது அத மட்டுந்தான். அது எறங்குனா, "அய்யோ, இதுகூடத் தெரியலயா அவனுக்கு"ங்க. கம்ப்யூட்டரு காதுல ஓதுனா நான்கூடச் சாம்பியன்தாம்லே. ஏன் அது தப்புன்னு கேட்டேன். தாத்தா சும்மா இருங்கன்னுட்ட. சரி, குதிரை எப்பிடிப் போகும்னு கேட்டேன். கரண்டு போயிட்டுன்னு எந்திச்சுப் போயிட்ட. ஃபேன் சுத்திக்கிட்டுதான் இருந்துது.

குகேஷுக்கு எதிர்ல ஆடுன அந்த டிங் லிரன நீங்க பேசுன பேச்சு இருக்கே! மாசக்கணக்கா மனசும் ஒடம்பும் சோந்து போயி, பெரிய ஆட்டம் ஒண்ணு ஜெயிச்சே ரொம்ப நாளான மனுசன். ஒருதலையா முடிஞ்சிரும்னு ஊரே சொல்லுச்சு. அவரு முதல் ஆட்டத்தையே கறுப்பு வெச்சு ஜெயிச்சாரு. பெறவு சமம் பண்ணி, 11-ஆவதுல குகேஷ் முந்துனான். 12-ஆவதுல அவரு சமம் பண்ணிட்டாரு. கடைசி ஆட்டம், 14-ஆவது. டிராவுலதான் முடியும்னு எல்லாரும் கொட்டாவி விட்டாக. 55-ஆவது நகத்தல்ல மனுசன் யானையத் தப்பான கட்டத்துல வெச்சுட்டாரு. குகேஷ் தண்ணி குடிச்சுக்கிட்டே பலகையப் பாத்தான். கண்ணு விரிஞ்சுது. யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப்புன்னு வெட்டிட்டா மிச்சம் சிப்பாய்தான், இவங்கிட்ட ஒண்ணு கூட. அம்புட்டுத்தான்.

டிங் கைகுடுத்துட்டாரு. நீங்கள்லாம் இங்க வெடி போட்டிய. அங்க ஜெயிச்ச பய என்ன பண்ணுனான்னு கவனிச்சியா? மூஞ்சியப் பொத்திக்கிட்டு அழுதான். அழுதுக்கிட்டே காயெல்லாம் எடுத்து அதது கட்டத்துல திரும்ப அடுக்கி வெச்சான். பெறவு பேசக் கூப்பிட்டப்ப, டிங் எப்பிடிப்பட்ட சாம்பியன்னு அவரத்தான் தூக்கிப் பேசுனான். ஜெயிச்சவனே எதிராளிய மதிக்கான். ஒன் சேக்காளி மதிச்சா ஒனக்கு எங்கலே வலிக்கு?

நம்ம பிள்ளை ஜெயிக்கணும்னு நெனைக்கது தப்பில்ல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அன்னைக்கு நானுந்தான் காப்பி ஆறுதது தெரியாம உக்காந்திருந்தேன். நெனைச்சுக்க, கைதட்டு, வெடியும் போடு. எதிராளி நல்ல ஆட்டம் ஆடுனா அதுக்கும் ஒரு தட்டு தட்டு. ஒன் தேசபக்தி ஒண்ணும் தேஞ்சு போயிராது.

மேட்சுக்கு இன்னும் நாளு கெடக்கு. அதுக்குள்ள ஒரு சோலி பாரு. நம்ம மேலத்தெரு பள்ளிக்கூடத்துல ஒரு செஸ் பெட்டி இருக்கு. கறுப்பு யானை ஒண்ணு தொலஞ்சு போச்சுன்னு பிள்ளைக புளியங்கொட்டைய வெச்சு ஆடுதுக. கொடி போட்ட பனியன் வாங்க வெச்சிருக்கியே காசு, அதுல புதுப் பெட்டி ஒண்ணு வாங்கிக் குடு. குடுத்த கையோட அங்கனயே ஓரமா உக்காந்து, குதிரை எங்கன போகும்னு அந்தப் பிள்ளைககிட்டக் கேட்டுக்க. நான் சொன்னேன்னு சொல்லு, சொல்லித் தருவாக.