கீழே வேட்டி, மேலே கோட்டு

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம், ரங்கப்பிள்ளை வீதியில் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1738இல் கட்டியது என்கிறார்கள். வீட்டுக்காரர் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அப்போது வயது 29. இந்தக் காலத்தில் 29 வயதுப் பையனுக்கு பேங்க்காரன் பைக் லோன் கொடுக்கவே மூன்று முறை யோசிப்பான்!

கீழ்த்தளம் அக்மார்க் தமிழ் வீடு, செதுக்கிய மரத்தூண்கள். மாடி ஏறினால் ஆளே மாறிவிடுகிறார்: பிரெஞ்சு பாணியில் கட்டிய காரைத் தூண்கள். இடுப்பு வரை வேட்டி, அதற்கு மேல் கோட்டு. சொந்தக்காரர்களைக் கீழே உட்காரவைத்துவிட்டு மாடியில் வெள்ளைக்காரனுக்கு ‘போன்ஜூர்’ சொல்லியிருப்பாரோ? சந்தேகம்தான், சாட்சி இல்லை.

ஆனால் அன்றைக்கு வெள்ளையர் நகரம் ஊரை இரண்டாகப் பிரித்த வாய்க்காலுக்குக் கிழக்கே. பிள்ளைவாள் வீடு இந்தப் பக்கம், ‘கறுப்பர் நகரத்தில்’. அந்தப் பக்கம் மனை கிடைக்காவிட்டால் என்ன, அந்தப் பக்கத்தையே மாடியில் தூக்கிவைத்துவிட்டார் மனுஷன்.

அவருடைய கனவு பிரெஞ்சு கவர்னரின் தலைமை துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், ஆவது. இதே வேலையைப் பார்த்த மாமா நயினியப்ப பிள்ளை என்ன ஆனார்? 1716இல் கசையடி, சொத்து பறிமுதல், ஜெயில். மறு வருஷம் ஜெயிலிலேயே போய்ச் சேர்ந்தார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த குடும்பத்துப் பையன் தலைதெறிக்க ஓடியிருக்க வேண்டுமா, இல்லையா? ஓடினார். அதே நாற்காலியை நோக்கி!

1746இல் தலைமை துபாஷ் கனகராய முதலியார் கண்ணை மூடினார். கவர்னர் துய்ப்ளேக்கு நம்மவரைப் பிடிக்கும். கவர்னர் வீட்டம்மாவுக்குத்தான் ஆகாது. ஒரு கிறிஸ்தவர் அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது மதாமின் கட்சி. எம்.எல்.ஏ. சரி என்றாலும் எம்.எல்.ஏ. சம்சாரம் சரி என்கிற வரை எதுவும் நகராது என்பது நேற்று வந்த வழக்கமா என்ன?

கடைசியில் பிள்ளைவாள் ஜெயித்தார். கவர்னர் மாளிகைக்குள் மேளதாளத்தோடு பல்லக்கிலேயே போகலாம். தங்கப் பூண் போட்ட கைத்தடி வைத்துக்கொள்ளலாம். உள்ளே செருப்பைக் கழற்ற வேண்டாம். நம் வி.ஐ.பி.க்கள் ஒரு ஸைரனுக்கே அல்லாடுகிறார்கள், பாவம்.

போதாதென்று 1749இல், நிஜாம் நாற்காலிக்குப் போட்டி போட்ட முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்று பட்டம் கட்டினார். இந்த வீதியில் மூன்று ஆக்டிவா சேர்ந்தாற்போல் நிறுத்த முடிகிறதா, பாருங்கள். நல்லவேளை, குதிரைகளில் முக்கால்வாசி பட்டத்தில்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

புகழுக்கும் பஞ்சமில்லை. தமிழில் ‘ஆனந்தரங்கன் கோவை’, சமஸ்கிருதத்தில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ என்று புலவர்கள் பாடித் தள்ளினார்கள். பிள்ளைவாள் அதோடு விடவில்லை. துய்ப்ளே தன்னை மெச்சிப் பேசியதையெல்லாம் வீட்டுக்கு வந்து சுடச்சுட டைரியில் எழுதிக்கொண்டார். புலவருக்காவது சன்மானம் கொடுக்க வேண்டும். டைரிக்கு மை மட்டும் போதும்.

துய்ப்ளே 1754இல் ஊர் திரும்பினார். பிறகு பிள்ளைவாளின் பதவியும் போனது. 1761 ஜனவரி 12இல் அவர் காலமானார். நாலே நாளில், 16ஆம் தேதி, ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. வந்தவர்கள் கோட்டையை இடித்தார்கள், துய்ப்ளே ஆசை ஆசையாகக் கட்டிய மாளிகையையும் தரைமட்டமாக்கினார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் துபாஷ் வீடோ வேட்டியும் கோட்டும் கசங்காமல் நின்றது!

டைரியும் தப்பித்தது. 1736இல் தொடங்கியதை 1846 வாக்கில் கலுவா மொம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். பிறகு மதராஸ் அரசாங்கம் மெனக்கெட்டு ஆங்கிலத்தில் 12 வால்யூம் போட்டது. அதில் மதாம் துய்ப்ளே வரும் இடமெல்லாம் வில்லிதான்: பேராசை, லஞ்சம், கோள்மூட்டல். அந்தம்மா பதிலுக்கு ஒரு டைரி எழுதிவைத்திருக்கலாம். எதிர்த்தரப்பு ஆஜராகாததால், தீர்ப்பு பிள்ளைவாள் பக்கம்.